தஞ்சை இராசராசீசுவரம்: கோயில் அமைப்பும் கல்வெட்டுச் சொற்களும்

1. முன்னுரை

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித் தமிழிலும் பிற மொழிகளிலும் வெளிவந்துள்ள நூல்கள் மிகப் பல. கட்டடக்கலை வல்லுநர், வரலாற்றறிஞர், சிற்பக்கலை ஆய்வாளர், இசை நாட்டிய அறிஞர் எனப் பலரும் அதனைத் தத்தம் துறைநோக்கில் ஆராய்ந்துள்ளனர். இப்பொழிவில் நாம் மேற்கொள்ளும் வழி மொழியியலார் வழி. கோயிலின் உறுப்புகளை அதனைக் கட்டிய காலத்தார் எச்சொல்லால் அழைத்தனர், அச்சொல் எதனைக் குறித்தது, இன்று நாம் எச்சொல்லால் அழைக்கிறோம் என்னும் மூன்று வினாக்களோடு கிழக்கு வாயிலிலிருந்து கருவறைவரை நடந்து செல்வோம்.

இவ்வாறு ஆராய்வதற்கு எல்லாக் கோயில்களும் இடந்தருவதில்லை. தஞ்சைக் கோயில் இடந்தருகிறது. முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், அரண்மனையில் இருந்தபடியே ஓர் ஆணை பிறப்பித்தான். கோயிலுக்குத் தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டுக என்பது அவ்வாணை. அதன் பயனாக விமானத்தின் அடித்தளமும் திருச்சுற்று மாளிகையின் தூண்களும் எழுத்தால் நிறைந்தன. பொன்னின் எடை, முத்தின் எண்ணிக்கை, திருமேனிகளின் உயரம், ஆடல்மகளிரின் வீட்டு வரிசை எனப் பலவும் அங்கே பதிவாகியுள்ளன.

இத்துணை எழுத்தும் சுவரில் இருந்தபோதிலும், கோயிலைக் கட்டியவன் யார் என்பது பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டிருந்தது. தொழுநோய் நீங்கப்பெற்ற சோழன் ஒருவன் கட்டியதாகத் தலபுராணம் கூறிற்று. மக்களும் அதனையே நம்பினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கல்வெட்டறிஞர் உல்சு அவர்கள் இக்கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே இராசராசன் பெயர் உறுதிப்பட்டது. நாள்தோறும் மக்கள் வலம்வந்த சுவரில் அப்பெயர் இருந்தது. எழுத்தைப் படிக்கும் பழக்கம் இல்லாமற் போயிருந்தது. ஒரு சமுதாயம் தன் கட்டடத்தின் சொற்களை இழக்குமாயின் கட்டடம் நிற்கும்போதே அதன் வரலாறு கைநழுவும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

2. கோயிலின் பெயர்

இன்று இக்கோயிலுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மக்கள் ‘பெரிய கோயில்’ என்பர். அரசு ஆவணங்களும் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னப் பட்டியலும் ‘பிரகதீசுவரர் கோயில்’ என்னும். 1987ஆம் ஆண்டு இப்பட்டியலில் இடம்பெற்ற இக்கோயிலோடு கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. தமிழ் வழிபாட்டு மரபில் இறைவன் பெயர் ‘பெருவுடையார்’.

கல்வெட்டில் காணப்படும் பெயரோ ‘ஸ்ரீராஜராஜீஸ்வரம்’. மன்னன் பெயரும் ஈசுவரம் என்னும் சொல்லும் இணைந்த தொடர் இது. இறைவன் ‘இராசராசீசுவரம் உடையார்’ எனப்படுகிறார். ‘உடையார்’ என்பது உடைமைப் பொருள்தரும் சொல். இடப்பெயரோடு இச்சொல்லைச் சேர்த்து இறைவனைக் குறிப்பது சோழர்காலக் கல்வெட்டு வழக்கு. அரசரையும் ‘உடையார்’ என்றே கல்வெட்டுகள் சுட்டும். பிற்காலத்தில் ‘பெரு’ என்னும் அடை சேர்ந்து, இடையில் வகர உடம்படுமெய் தோன்றிப் ‘பெருவுடையார்’ ஆயிற்று. ‘பிரகத்’, ‘ஈசுவரர்’ என்னும் வடசொற்களின் புணர்ப்பும் அதே பொருளைத் தருவதே. ஆகவே ஒரே கருத்து இருமொழியில் வழங்கும் நிலையை இங்குக் காண்கிறோம். ஆயினும் இவ்விரு பெயரிலும் இராசராசன் இல்லை. கட்டியவன் பெயர் மக்கள் நினைவிலிருந்து நீங்கியதற்குக் கோயிற்பெயர் மாறியதும் ஒரு காரணம் ஆகலாம்.

3. வாயில்கள்

கோயில் கிழக்கு நோக்கியது. கோட்டை மதிலையும் அகழியையும் ஒட்டிய முன்வாயில் பிற்காலத்தது. அதனைக் கடந்ததும் எதிர்ப்படும் ஐந்து நிலை வாயில் ‘கேரளாந்தகன் திருவாயில்’. அதற்கும் அப்பால் உள்ள மூன்று நிலை வாயில் ‘இராசராசன் திருவாயில்’. முன்னது சேரரை வென்றமையால் இராசராசன் பெற்ற பட்டப்பெயர் தாங்கியது. பின்னது அவன் பெயரே தாங்கியது.

நாம் இன்று இவற்றைக் ‘கோபுரம்’ என்கிறோம். கல்வெட்டு வழக்கு ‘திருவாசல்’ என்பது. வாயில் என்னும் சொல்லை ‘இல்வாய்’, அதாவது இல்லத்தின் வாய் என்பது முன்பின்னாக மாறி நின்றதாக இலக்கண நூலார் கூறுவர். ‘முன்றில்’ என்பதும் அத்தகையதே. வாயில் என்பது மக்கள் நாவில் வாசல் ஆயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசனின் கல்வெட்டிலேயே ‘வாசல்’ என்னும் வடிவம் இடம்பெற்றிருத்தலால், அதனை அண்மைக் காலத்துக் கொச்சை என்று ஒதுக்குவது பொருந்தாது.

இவ்வாயில்கள் விமானத்தைவிட உயரத்திற் குறைந்தவை என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மதுரை, திருவரங்கம் முதலிய ஊர்களில் புறவாயிற் கோபுரமே வானளாவ நிற்க, கருவறை விமானம் உள்ளே சிறிதாய் அடங்கியிருக்கும். அது பிற்காலப் பாண்டியர், விசயநகரர், நாயக்கர் காலங்களில் வளர்ந்த முறை. தஞ்சையில் வாயில்கள் விமானத்துக்கு வழிவிட்டு நிற்கின்றன. நம் நாட்டுக் கோயில்களின் உயர்ந்த முன்கோபுரங்களைப் பார்த்துப் பழகிய மாணவர் தஞ்சைக் கோயிலின் படத்தில் விமானத்தைக் ‘கோபுரம்’ என்றே குறிப்பிடுவதை வகுப்பறையில் பலமுறை கண்டுள்ளோம். வாயில்மேல் எழுவது கோபுரம்; கருவறைமேல் எழுவது விமானம். இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி அறியாதவருக்குச் சோழர் கட்டடக்கலைக்கும் நாயக்கர் கட்டடக்கலைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவது அரிது.

இராசராசன் திருவாயிலின் இருமருங்கும் பேருருவ வாயிற்காவலர் நிற்கின்றனர். ஒரு கை விரலை உயர்த்தி எச்சரிக்கும்; மற்றொரு கை உள்ளிருக்கும் இறைவனைச் சுட்டும்; இன்னொரு கை வியப்பைக் காட்டும். காவலரின் கால் ஊன்றிய தண்டைச் சுற்றிய பாம்பு யானை ஒன்றை விழுங்குவதாகச் சிற்பி அமைத்துள்ளான். யானையை விழுங்கும் பாம்பு எத்துணைப் பெரிது, அப்பாம்பைக் காலடியிற் கொண்ட காவலன் எத்துணைப் பெரியவன், அவன் வியந்து காட்டும் இறைவன் எத்துணைப் பெரியவன் என்று நம் கற்பனையைப் படிப்படியாக ஏற்றும் உத்தி இது. அவ்வாயிலின் அடித்தளத்தில் சிறுசிறு புடைப்புச் சிற்பங்கள் கதை சொல்கின்றன. இறைவன் திருமணம், மார்க்கண்டேயன் காக்கப்பட்டமை, அருச்சுனன் தவமிருந்து பாசுபதம் பெற்றமை ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பேருருவக் காவலரை நோக்கி நிமிரும் கண், காலருகே உள்ள இக்கதைகளைக் காணாமலே கடந்து போவதுண்டு.

4. திருமுற்றமும் திருச்சுற்று மாளிகையும்

உள்வாயிலைக் கடந்தால் பரந்த முற்றம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 240 மீட்டர், தெற்கு வடக்காக ஏறத்தாழ 120 மீட்டர் என இரு சதுரங்களை இணைத்தாற்போன்று மதிலின் அளவு அமைந்துள்ளது.

முற்றத்தில் முதலில் காண்பது ஒரே கல்லால் ஆன பெரிய நந்தி. இது இராசராசன் காலத்தது அன்று. நாயக்கர் காலத்தது என்பது ஆய்வாளர் முடிவு. அதன் மண்டபமும் பிற்காலத்தது.

மதிலை ஒட்டி நாற்புறமும் ஓடும் தூண் வரிசை கொண்ட நடைமாளிகை ‘திருச்சுற்று மாளிகை’. இராசராசன் ஆணைப்படி இதனை எடுப்பித்தவன் அவனுடைய படைத்தலைவன் கிருட்டிணன் இராமன் ஆகிய மும்முடிச்சோழப் பிரமமாராயன் என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. பெருங்கோயில் ஒன்றின் ஒரு பகுதியைக் கட்டிய அலுவலர் பெயர் அப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருப்பது நாம் போற்றத்தக்க நேர்மை. இம்மாளிகையில் எண்டிசைக் காவலர்க்கும் தனித்தனிச் சன்னிதிகள் அமைக்கப்பட்டன. சுற்றுத் தெய்வங்களின் கோயில் ‘பரிவாராலயம்’ எனப்பட்டது. அங்கிருந்த பிள்ளையாருக்கு நாள்தோறும் வாழைப்பழம் படைக்க வணிகரிடம் முதல் வைக்கப்பட்டதையும் ஒரு கல்வெட்டு கூறுகிறது.

சுற்று என்பது சுற்றி வருதல் என்னும் வினையையும், சுற்றிவரும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். ‘பிராகாரம்’ என்பது மதில் என்னும் பொருள் உடையது. அது மதிலை முதன்மைப்படுத்துகிறது. ‘திருச்சுற்று’ என்பது நடக்கும் அடியவரை முதன்மைப்படுத்துகிறது. இரண்டும் ஒரே இடத்தைக் குறித்தாலும் அவை தரும் காட்சி வேறு.

5. விமானம்

கருவறையும் அதன்மேல் எழும் கட்டடமும் சேர்ந்ததே விமானம். கல்வெட்டு இதனை ‘ஸ்ரீவிமானம்’ என்னும். கல்லாலான கோயிலுக்குக் ‘கற்றளி’ என்பது அக்கால வழக்கு. கல், தளி என்னும் இரு சொற்களின் புணர்ப்பு அது. தளி என்றால் கோயில். செங்கல்லாலும் மரத்தாலும் கட்டிய தளிகள் மிகுந்திருந்த காலத்தில் கற்றளி என்பது பெருமையாகச் சொல்லப்பட்டது.

அடித்தளம் ஏறத்தாழ 30 மீட்டர்ப் பக்கமுள்ள சதுரம். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். கீழே உபபீடம், அதன்மேல் அதிட்டானம் என இரண்டு அடுக்கு அடித்தளம். அதிட்டானத்தில் உருண்டு திரண்ட கல்வரி ‘குமுதம்’. அதற்கு மேல் யாளித் தலைகளும் வீரர்களும் நிறைந்த ‘யாளிவரி’. இவ்வடித்தள வரிகளைத் தாளாகக் கொண்டே கல்வெட்டுகள் நீண்டு செல்கின்றன.

அதற்கு மேல் இரண்டு தளமாக நேர்நிற்கும் சுவர். அங்கிருந்து அடுக்கடுக்காகக் குறுகி எழும் தளங்கள். உச்சியில் கழுத்து, சிகரம், குடம். தளங்கள் கட்டடக் குறுவடிவங்களால் அணிசெய்யப்பட்டுள்ளன. மூலையிலுள்ள சதுர வடிவம் ‘கூடம்’. நடுவிலுள்ள நீள்சதுர வடிவம் ‘சாலை’. இடையில் கூண்டு போன்றது ‘பஞ்சரம்’. வீட்டுப் பகுதிக்குக் கூடம் என்றும், வழிக்குச் சாலை என்றும், கிளிக்கூண்டுக்குப் பஞ்சரம் என்றும் நாம் வழங்கும் சொற்களே இவை. பொதுச்சொல் ஒரு தொழிலில் கலைச்சொல்லாய்ப் பொருள் சுருங்கி வழங்குவதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010ஆம் ஆண்டில், உச்சியில் வைக்க மன்னன் செப்புக்குடம் ஒன்று கொடுத்தான். செம்பின் எடை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொன்தகட்டின் எடை 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதிய கணக்கு இது. கோயிலில் பொன் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல்லின் பெயர் ‘ஆடவல்லான்’. நெல் அளந்த மரக்காலுக்கும் அப்பெயரே. தில்லைக் கூத்தனின் பெயர் சந்நிதியிலும் ஒலித்தது. பண்டாரத்திலும் களத்திலும் ஒலித்தது.

இத்துணைத் துல்லியமான செய்திகள் கல்லில் இருக்க, மக்களிடையே பெரிதும் பரவியிருப்பவை வேறு இரண்டு. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒன்று; சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது மற்றொன்று. நிழல் விழத்தான் செய்கிறது. காலையிலோ மாலையிலோ முற்றத்தில் நிற்பவர் எவரும் அதனைக் காணலாம். சிகரம் பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்பதே கட்டடக்கலை ஆய்வாளர் கூற்று. கல்வெட்டுகளிலும் ஒரே கல் என்னும் செய்தி இல்லை. இக்கதைகளைக் கூறுவோரை நாம் பழிக்கவில்லை. கோயிலின்பால் அவர்கள் கொண்ட வியப்பு மெய்யானது. அவ்வியப்புக்கு உணவாக மெய்யான செய்திகளை எட்டச் செய்யாமை கற்றோர் குறையே ஆகும்.

6. சுவர்ச் சிற்பங்கள்

விமானச் சுவரில் திருவுருவங்கள் நிற்கும் மாடங்கள் ‘தேவகோட்டம்’ எனப்படும். வலம்வரும் முறையில் தெற்கிலிருந்து தொடங்குவோம். பிச்சாடனர், தென்முகக் கடவுள், காலனை உதைத்தவர், ஆடல்வல்லார் ஆகியோர் தென்புறத்தில் காட்சி தருகின்றனர். மேற்கில் அண்ணாமலைக் கதையை உணர்த்தும் இலிங்கோற்பவரும் சந்திரசேகரரும். வடக்கில் உமையொரு பாகரும் கங்கையைச் சடையில் ஏற்றவரும் உள்ளனர்.

சிவனின் இத்தனை வடிவங்களும் எங்கோ பிறந்த புதுமைகள் அல்ல. தேவாரப் பாடல்களைக் கேட்டுப் பழகிய ஒருவர் இச்சுவரைச் சுற்றி வந்தால், பாடலில் செவிவழிக் கேட்டவற்றை வரிசையாகக் கல்லில் காண்பார். கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், அவர்களுக்கு உடுக்கை ஒருவர், மத்தளம் ஒருவர் என இருவரையும் சேர்த்து 50 பேரை இராசராசன் அமர்த்தினான். ‘விண்ணப்பம் செய்தல்’ என்னும் தொடர் எண்ணத்தக்கது. பாடுதல் என்று கல்வெட்டு கூறவில்லை. இறைவன்முன் பதிகம் பாடுவது அரசன்முன் மனுக்கொடுப்பது போன்ற பணிவுடைய செயலாகக் கருதப்பட்டது.

மேல்தளச் சுவரில் வேறொரு வகை அமைப்பு. அங்கு வில்லேந்தி முப்புரம் எரித்த திருவுருவமே மீண்டும் மீண்டும் வருகிறது. போர்வெற்றிகளால் பேரரசை விரித்த மன்னன், வில்லேந்திய வெற்றிக் கடவுளைத் தன் கோயிலின் முதன்மை வடிவமாக விரும்பினான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கீழ்த்தளத்தில் பல கதைகள். மேல்தளத்தில் ஒரே கதை. இவ்வேறுபாட்டை நோக்குவோருக்கு அக்கருத்து பொருத்தமாகவே தோன்றும்.

7. உட்சுற்று: ஓவியமும் கரணமும்

கருவறைக்கு இரட்டைச் சுவர். இரண்டிற்கும் இடையே ஓர் உட்சுற்று உள்ளது. உள்ளே இரண்டு தள உயரத்துக்கு எழுந்து நிற்பது பெருவுடையார் இலிங்கத் திருமேனி. முதல்தள உட்சுற்றுச் சுவரில் நாயக்கர்கால ஓவியங்களே முன்னர்த் தெரிந்தன. அவற்றின் அடியில் சோழர்கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு. கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டறிந்தார். சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை செல்லும் காட்சி, தில்லைக் கூத்தனை வழிபடும் காட்சி, முப்புரம் எரித்த காட்சி முதலியன அவ்வாறு வெளிப்பட்டன.

இரண்டாம் தள உட்சுற்றில் பரத நாட்டிய நூல் கூறும் கரணங்களை இறைவனே ஆடிக்காட்டுவதாகச் செதுக்கியுள்ளனர். கரணங்கள் 108. செதுக்கப்பட்டவை 81. எஞ்சிய 27 கற்கள் இடமொதுக்கப்பட்டு, செதுக்கப்படாமல் வெறுமையாக நிற்கின்றன. பணி ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைத்த கோயிலில் எழுதப்படாத இடம் இது ஒன்றே எனலாம்.

8. செப்புத் திருமேனிகளும் ஒரு வினைச்சொல்லும்

கருவறையில் உள்ள திருமேனி அசையாதது. விழாக்காலத்தில் வீதியுலா வருபவை செப்புத் திருமேனிகள். மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அலுவலரும் அளித்த திருமேனிகளைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றன. அடிமுதல் முடிவரை உயரம் இத்தனை முழம் இத்தனை விரல், திருக்கைகள் இத்தனை, பீடத்தின் அளவு இவ்வளவு என அவ்விவரம் செல்லும். ஆடவல்லார் திருமேனிக்கு நான்கு திருக்கைகள், சடையில் கங்கை, காலடியில் முயலகன் என்று ஒரு கல்வெட்டு கூறும்போது, எழுத்தாலேயே ஒரு திருமேனி நம் கண்முன் எழுகிறது. அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று கோயிலில் இல்லை. கல்வெட்டுச் சொற்களே அவற்றின் எஞ்சிய வடிவம்.

திருமேனியை நிறுவியதைக் கல்வெட்டு ‘எழுந்தருளுவித்த’ என்னும் சொல்லால் குறிக்கிறது. எழுந்து, அருள் என்னும் பகுதிகளோடு ‘வி’ என்னும் பிறவினை விகுதி சேர்ந்த வடிவம் இது. வைத்தான், செய்தான் என்று கூறியிருக்கலாம். அவ்வாறு கூறின் திருமேனி ஒரு பொருளாகிவிடும். எழுந்தருளுவித்தான் என்னும்போது எழுபவரும் அருள்பவரும் இறைவனே. கொடையாளன் அதற்குத் துணைநின்றவன் மட்டுமே. வழிபாட்டுக் கோட்பாடு ஒன்றை ஒரு விகுதி தாங்கி நிற்கிறது.

கல்வெட்டு மொழியில் பேச்சுவழக்கும் உண்டு. கொடுத்தவை என்பது ‘குடுத்தன’ என்றே வெட்டப்பட்டுள்ளது. தமக்கையை மன்னன் ‘அக்கன்’ என்கிறான். இன்று நம் இல்லங்களில் ஒலிக்கும் ‘குடு’ என்னும் வடிவம் 1000 ஆண்டுகளுக்கு முன் அரச ஆவணத்தில் ஏறியிருக்கிறது. புள்ளி பெரும்பாலும் இடப்படாமையாலும், எகர ஏகார வேறுபாடு காட்டப்படாமையாலும், வடசொற்கள் கிரந்த எழுத்தில் வருவதாலும் இக்கல்வெட்டுகளைப் படிக்கச் சிறிது பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றபின் கேட்பது நம் வீட்டுத் தமிழே.

9. தளிச்சேரி

கோயிலைச் சுற்றி வாழ்ந்தோரையும் கோயில் அமைப்பின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்தும் 400 ஆடல்மகளிரை வரவழைத்து இராசராசன் தஞ்சையில் குடியேற்றினான். அவர்கள் வாழ்ந்த குடியிருப்பு ‘தளிச்சேரி’. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். ஒவ்வொரு பெண்ணின் பெயர், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பவை அனைத்தும் கல்லில் உள்ளன. தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசையைச் ‘சிறகு’ என்கிறது கல்வெட்டு. தென்சிறகு, வடசிறகு என்னும் சொற்களைக் கேட்கும்போது தெருவே இறக்கை விரித்த பறவையாகத் தோன்றுகிறது. வரிசையின் முதல் வீடு ‘தலைவீடு’.

தச்சர், கணக்கர், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் முதலியோரும் பெயரும் பங்கும் பெற்றுள்ளனர். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அவ்வாறே நமக்குக் கிடைத்தது. தன் பெயரைப் பொறித்த அதே கல்லில் துணி தைத்தவனின் பங்கையும் பொறிக்கச் செய்த மன்னனின் ஆணை, கோயில் என்பது எத்தனை கைகளின் உழைப்பு என்பதைக் காட்டுகிறது.

10. பிற்காலச் சன்னிதிகள்

விமானத்தின் வடபால் உள்ள சண்டேசுவரர் சன்னிதி இராசராசன் காலத்தது. சோழர்காலக் கல்வெட்டுகளில் சண்டேசுவரர் இறைவனின் உடைமைகளைப் பேணும் தலைமைக் கணக்கர் நிலையில் இருப்பவர். நிலம் விற்றலும் வாங்கலும் அவர் பெயராலேயே நடைபெறும். இன்று அவர்முன் கைதட்டிச் செல்வோர் பலர் இச்செய்தியை அறியார்.

அம்மனுக்கெனத் தனிச் சன்னிதி முதலில் இங்கு இல்லை. அத்தகைய சன்னிதியைக் கல்வெட்டுகள் ‘திருக்காமக்கோட்டம்’ என்னும். அது முதலாம் இராசேந்திரன் காலத்திற்குப் பின்னரே பெருகியது. இங்குள்ள அம்மன் சன்னிதி பாண்டியர் காலத்தது. நுண்ணிய வேலைப்பாடுடைய முருகன் சன்னிதி நாயக்கர் காலத்தது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி காலத்தில், 1803ஆம் ஆண்டு, போன்சுலே மரபின் வரலாறு மராத்தி மொழியில் நீண்ட கல்வெட்டாகத் திருச்சுற்றில் பொறிக்கப்பட்டது. இராசராசன் தொடங்கிய கல்லில் எழுதும் வழக்கத்தை எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறு மொழியினர் அதே கோயிலில் தொடர்ந்தனர்.

11. கடாரம்

மலேசியத் தமிழராகிய நமக்கு இக்கோயிலோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. முதலாம் இராசேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இக்கோயிற் சுவரில் உள்ளது. கடல்கடந்து அவன் வென்றனவாக அதில் வரிசையாகக் கூறப்படும் ஊர்களுள் சிறீவிசயம், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் ஆகியவை அடங்கும். கடாரம் இன்றைய கெடா, இலங்காசோகம் மலாய் மரபு கூறும் இலங்காசுகம், மாநக்கவாரம் நிக்கோபார். வடமொழியில் கெடா ‘கடாகம்’ எனப்பட்டது. கடாரம், கடாகம் ஆகிய இரண்டிற்கும் பெருங்கொப்பரை என்னும் பொருள் இருப்பது மொழியியலார் கருதத்தக்கது. பட்டினப்பாலையில் வரும் காழகத்தைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரைகூறியதும் இங்கு நினைக்கத்தக்கது.

உறவு போரில் மட்டும் அமையவில்லை. இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்தப் பள்ளிக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். இலெய்டன் செப்பேடுகள் அதற்குச் சான்று. சிவனுக்குப் பெருங்கோயில் எடுத்த அதே மன்னன் கடல்கடந்த அரசனின் பௌத்தப் பள்ளிக்கும் ஊர் ஈந்தான். தந்தை காலத்து நட்பும் மகன் காலத்துப் போரும் ஆகிய இரண்டையும் நம் பிள்ளைகள் ஒருங்கே அறிதல் நன்று.

12. நிறைவுரை

இதுவரை ஏறத்தாழ முப்பது சொற்களைக் கண்டோம். வாயில், கோபுரம், திருச்சுற்று, விமானம், தளி, குமுதம், யாளிவரி, கூடம், சாலை, பஞ்சரம், தேவகோட்டம், திருக்காமக்கோட்டம் முதலியன அவை. இவற்றுட் பல நம் நாட்டுக் கோயில்களிலும் கண்முன் இருக்கும் உறுப்புகளின் பெயர்கள். ஆயினும் இளையோர் பலர் இவற்றை ஆங்கிலத்தில் ‘டவர்’ என்றும் ‘ஹால்’ என்றும் இரண்டே சொற்களில் அடக்கிவிடுகின்றனர். பெயர் இரண்டாகச் சுருங்கினால், காண்பதும் இரண்டாகச் சுருங்கும்.

இதற்கு நாம் முன்வைக்கும் வழி எளியது, பெருஞ்செலவும் வேண்டாதது. ஒவ்வொரு கோயில் நிருவாகமும் தன் கோயிலின் தரைப்படம் ஒன்றைத் தமிழ்ப் பெயர்களோடு வாயிலருகே வைக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாணவரை அருகிலுள்ள கோயிலுக்கு அழைத்துச் சென்று பத்து உறுப்புகளின் பெயரைக் கற்பிக்கலாம். குடமுழுக்கின்போது பொறிக்கும் நன்கொடைக் கல்லில் பணம் தந்தோர் பெயரோடு தச்சர், சிற்பி, மடைப்பள்ளியில் உழைத்தோர் பெயரையும் சேர்க்கலாம். தஞ்சையில் அவ்வாறு எழுதி வைத்தமையால்தான் 1000 ஆண்டுகளுக்குப் பின் நாம் குஞ்சரமல்லனை அறிகிறோம். நம் நாட்டில் இன்று எழும் கோயில்களின் கற்களையும் ஒருநாள் எவரேனும் படிப்பர். அவர்கள் படிப்பதற்கு எழுத்து இருக்க வேண்டும்; படிப்பவர்க்கு அச்சொற்கள் தெரிந்திருக்கவும் வேண்டும்.